லினக்ஸைவிட ஃப்ரீபிஎஸ்டி இயங்குதளத்தில் பாட்டு தெளிவாகக் கேட்குமா? மேக் இன்னும் மேலா?

ஒரே மடிக்கணினி, ஒரே ஹெட்போன், ஒரே ஃபிளாக் (தரம் குறையாமல் சுருக்கிய ஒலி) கோப்பு என்றால் வித்தியாசம் கேட்கக் கூடாது. கேட்கிறது என்றால் முதலில் இரண்டிலும் சத்தத்தைச் சமப்படுத்துங்கள். ஒரு டெசிபெல் கூடினாலே காது அதைத் 'தெளிவு' என்று சொல்லிவிடும்.

அடுத்து மாதிரி வீதம், அதாவது ஒலியைச் செக்கனுக்கு எத்தனை தடவை அளந்து பதிந்திருக்கிறார்கள் என்பது. சீடியில் இருந்து எடுத்த பாட்டு 44,100இல் இருக்கும். லினக்ஸில் ஒலியைக் கையாளும் பைப்வயர் என்ற மென்பொருள், நாம் எதையும் மாற்றாமல் விட்டால், 48,000இல் ஓடும். ஓப்பன்பிஎஸ்டி என்ற இன்னொரு இயங்குதளத்தின் ஒலிச் சேவையான எஸ்என்டிஐஓடியும் (sndiod) அப்படித்தான். இடையில் மாற்றம் நடக்கிறது. இன்றைய மாற்றிகள் நல்லவை, எனக்கு அதில் குறை கேட்டதில்லை. வேண்டாம் என்றால் பைப்வயரின் அனுமதிக்கப்பட்ட வீதங்களில் 44,100ஐயும் சேருங்கள். ஃப்ரீபிஎஸ்டியில் பல செயலிகளின் ஒலியைக் கலப்பதும் வீதம் மாற்றுவதும் இயங்குதளத்தின் மையமான கெர்னலுக்குள்ளேயே நடக்கும். ஒலிகளைக் கலக்கும் மெய்நிகர் சேனல்களை (vchans) அணைத்துவிட்டு, பிட்பெர்ஃபெக்ட் என்ற சிஸ்கண்ட்ரோல் (கெர்னல்) அமைப்பை 1 ஆக்கினால் கோப்பில் இருப்பது அப்படியே டிஏசிக்கு, அதாவது எண்களை ஒலிச் சமிக்ஞையாக்கும் சில்லுக்கு, போகும். ஆனால் அதன்பிறகு இரண்டு செயலிகளின் ஒலியைச் சேர்த்துக் கேட்க முடியாது. மேக்கில் ஆடியோ மிடி செட்டப் என்ற செயலியைத் திறந்து வீதத்தைக் கையால் மாற்றவேண்டும்.

உண்மையான வித்தியாசம் தாமதத்தில்தான். நான் மட்டக்களப்புப் பக்கம் கூத்துப் பதிவு செய்கிறவன். மத்தளத்தை முதலில் பதிந்துவிட்டு, அதை ஹெட்போனில் கேட்டபடி அண்ணாவியார் (கூத்தைப் பழக்கும் ஆசான்) பாடும்போது, அவருடைய குரலும் கணினி வழியாகவே அவர் காதுக்குத் திரும்பி வரும். அது பிந்தினால் "மனே, தாளம் இழுக்குது" என்று உடனே நிறுத்திவிடுவார். பைப்வயரின் வழமையான பஃபர், அதாவது ஒலியைச் சேர்த்து வைத்து அனுப்பும் இடம், 1024 ஃப்ரேம் (மாதிரி). 48,000இல் அது 21 மில்லிசெக்கன். வட்டக்களரியில் (கூத்தாடும் வட்ட அரங்கில்) மத்தளக்காரரிடமிருந்து ஏழு மீற்றர் தள்ளி நிற்கிறவருக்கும் காற்று வழியாக அவ்வளவு தாமதம்தான், அதை அவர் பொருட்படுத்துவதில்லை. ஆனால் கணினியில் உள்ளே வரும்போது ஒருமுறை, வெளியே போகும்போது இன்னொருமுறை என்று பஃபர் சேரும், அவருடைய சொந்தக் குரலும் இரட்டையாகிவிடும். 256 ஃப்ரேமுக்கு இறக்கினால் ஒரு வழிக்கு 5.3 மில்லிசெக்கன், பாடலாம்.

இறக்குவது எளிது, அங்கே நிலைத்து நிற்பதுதான் பாடு. பஃபர் காலியாகும் முன் கெர்னல் அந்தச் செயலிக்கு முறை கொடுக்காவிட்டால் 'டக்' என்று ஒரு வெட்டு விழும். மேக்கின் ஒலி அமைப்பான கோர் ஆடியோ, ஒலி வேலைக்குத் தனி நேர உரிமை கொடுப்பதால், எதையும் தொடாமலே அங்கே நன்றாக ஓடும். லினக்ஸில் ஒலிச் செயலிக்கு நிகழ்நேர முன்னுரிமை கிடைக்கிறதா என்று பார்க்கவேண்டும். 2024இல் வந்த 6.12 கெர்னலில் பிரீஎம்ப்ட் ஆர்டி (கெர்னலை நிகழ்நேர வேலைக்கு ஏற்றதாக்கும் மாற்றம்) பிரதான மூலநிரலிலேயே சேர்ந்ததால், அதற்குத் தனி ஒட்டு (patch) தேடி அலையும் வேலை குறைந்தது. பைப்வயரின் பிடபிள்யூ-டாப் (pw-top) கட்டளையை ஓடவிட்டு பிழை எண்ணிக்கை (ERR) காட்டும் நெடுவரிசையைப் பாருங்கள். எண் ஏறினால் பஃபரைக் கூட்டுங்கள், ஏறாவிட்டால் இன்னும் குறைக்கலாம்.

ஓப்பன்பிஎஸ்டியின் ஒலி அமைப்பு எனக்கு ஆகப் பிடித்தது. சிறியது, கையேட்டை ஒரே மூச்சில் வாசித்து முடிக்கலாம். ஆனால் ப்ளூடூத்தை 2014இலேயே தூக்கிவிட்டார்கள், அதனால் ப்ளூடூத் ஸ்பீக்கர் வைத்திருப்பவர் அந்தப் பக்கம் போகவேண்டாம்.

இன்னொன்று. கோயில் திருவிழாவில் ஜெனரேட்டர் கரண்டில் சார்ஜரைச் செருகியதும் வரும் அந்த 'ம்ம்ம்' இரைச்சலை எந்த இயங்குதளமும் போக்காது. சார்ஜரைக் கழற்றி பற்றரியில் ஓடவிடுங்கள், அல்லது ஒலி லைனுக்கு நடுவில் ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபோமர் போடுங்கள்.

பாட்டுக் கேட்க மட்டும் என்றால் கையில் இருப்பதை மாற்றவே வேண்டாம். பதிவு செய்ய என்றால், காசு இருந்தால் மேக், இல்லாவிட்டால் பைப்வயர் உள்ள லினக்ஸ். மிஞ்சுகிற காசுக்கு நல்ல யூஎஸ்பி ஆடியோ இன்டர்ஃபேஸ் ஒன்று வாங்கலாம்.