முகாமையாளர் போக வேண்டுமா, இருக்க வேண்டுமா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி (உவர்மலை வாசகர்): நானும் என் அண்ணாவும் ஒரே இங்கிலாந்து உதைபந்தாட்டக் கழகத்தின் ரசிகர்கள். சனிக்கிழமை இரவு 8.30 மணிக்குத் தொடங்கும் போட்டி முடிந்தால், ஞாயிறு மாலை வரை வீட்டில் இதே வழக்குத்தான். தோற்றுக்கொண்டேயிருக்கும் முகாமையாளரை அனுப்பிவிட வேண்டும் என்பது என் கட்சி. “பெர்குசனுக்கும் அன்று இதே நிலைதான், பொறுத்திருந்தபடியால்தான் ஓல்ட் டிரஃபோர்ட்டுக்குக் கிண்ணங்கள் வந்தன” என்பது அண்ணாவின் கட்சி. யார் பக்கம் நியாயம்?

பதில்: கழகத்தின் பெயரை நீங்கள் மறைத்தாலும், மன்செஸ்டர் யுனைட்டெட்டின் மைதானமான ஓல்ட் டிரஃபோர்ட் காட்டிக்கொடுத்துவிட்டது. அண்ணா சொல்லும் வரலாறு உண்மைதான். 1986 நவம்பரில் அலெக்ஸ் பெர்குசன் மன்செஸ்டர் யுனைட்டெட்டைப் பொறுப்பேற்றபோது, 22 கழகங்கள் ஆடிய முதற்பிரிவில் அது 21ஆம் இடத்தில் கிடந்தது. இடையில் ஒருமுறை இரண்டாமிடம் வரை ஏறினாலும், 1989 செப்டெம்பரில் அயல் கழகமான மன்செஸ்டர் சிட்டியிடம் 5–1 என்று தோற்று, அந்தப் பருவகாலத்தை 13ஆம் இடத்திலேயே முடித்தது. மூன்று வருடமாகச் சாட்டுச் சொன்னது போதும், போய்வாருங்கள் என்ற கருத்தில் ஒரு ரசிகர் பதாகை பிடித்ததும் அந்த டிசெம்பரில்தான். 1990 ஜனவரியில், தோற்றால் வெளியேற வேண்டிய எஃப்.ஏ. கிண்ணத் தொடரின் மூன்றாம் சுற்றில், நொட்டிங்ஹாம் ஃபொரஸ்டுக்கு எதிராக மார்க் றொபின்ஸ் போட்ட ஒற்றைக் கோல்தான் பெர்குசனின் பதவியைக் காப்பாற்றியது என்று இன்றும் பேசுவார்கள். அவரை நீக்கும் எண்ணமே தமக்கு இருக்கவில்லை என்று அப்போதைய தலைவர் மார்ட்டின் எட்வேர்ட்ஸ் பின்னாளில் சொல்லியிருக்கிறார். அந்த வருடமே கிண்ணம் வந்தது. லீக் பட்டத்துக்கோ 1993 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

ஆனால் அண்ணா இந்தக் கதையில் பாதியைத்தான் எடுத்துக்கொள்கிறார். பெர்குசன் அந்த மூன்று வருடங்களையும் அடுத்த வெற்றிக்காகக் காத்திருந்து கழிக்கவில்லை. குடிப்பழக்கம் அணியின் ஒழுங்கைக் குலைக்கிறது என்று கருதி, ரசிகர்களின் செல்லப்பிள்ளைகளாக இருந்த போல் மெக்ராத்தையும் நோர்மன் வைட்சைட்டையும் 1989இல் விற்றுவிட்டார். அதே கோடையில் கரி பலிஸ்டரையும் போல் இன்ஸையும் வாங்கினார். திறமையுள்ள சிறுவர்களைத் தேடிப் பிடிப்பதற்கு முன்னிருந்ததைவிட அதிகம் பேரை அமர்த்தினார். றயன் கிக்ஸுக்கு 14 வயது நிறைந்த அன்று, 1987இல், அவருடைய வீட்டு வாசலுக்கு பெர்குசன் தாமே போய் நின்றார். இவை எவையும் புள்ளிப்பட்டியலில் தெரியவில்லை. கழகத்துக்கு உள்ளே இருந்தவர்களுக்குத் தெரிந்தன.

இன்னும் கிட்டிய காலத்தில் ஆர்சனலைப் பாருங்கள். 2021 ஆகஸ்டில் முதல் மூன்று போட்டிகளிலும் ஒரு கோல்கூட அடிக்காமல் தோற்று, அந்தக் கழகம் பட்டியலின் அடியில் இருந்தது. அதற்கு முந்தைய இரு பருவகாலங்களிலும் எட்டாமிடம். மிக்கெல் ஆர்டெட்டா போகவேண்டும் என்று கூச்சலிடுவதற்கு இதைவிட நல்ல காரணம் எவருக்கும் கிடைத்திராது. ஆயினும் அந்தக் கோடையில் வாங்கப்பட்ட ஆறு வீரர்களில் ஒருவர்கூட 23 வயதைத் தாண்டியவர் அல்லர்; ஒரு திட்டம் நடந்துகொண்டிருந்தது என்பதற்கு அதுவே அடையாளம். அந்தப் பருவகாலம் ஐந்தாமிடத்தில் முடிந்தது. அடுத்த மூன்றிலும் இரண்டாமிடம்.

ஆகவே தோல்விகளை எண்ணிக்கொண்டிருப்பதை விட்டு, அவற்றுக்கு அடியில் ஏதாவது கட்டப்படுகிறதா என்று பாருங்கள். இளம் வீரர் எவராவது ஆறு மாதத்துக்கு முன்னர் ஆடியதைவிட இன்று நன்றாக ஆடுகிறாரா? தோற்ற போட்டியிலாவது அணி எப்படி ஆட முயன்றது என்று உங்களால் அண்ணாவுக்கு விளக்க முடிகிறதா? முடியாவிட்டால் நீங்கள் சொல்வதே சரி. பெர்குசனின் பெயரைச் சொல்லி எல்லோரையும் காப்பாற்ற முடியாது.

கேள்வி (கிண்ணியா வாசகர்): கிண்ணம் வென்று கொடுத்தவரை வெளியேற்றுவது நன்றிகெட்ட செயல் அல்லவா?

பதில்: நன்றிகெட்ட செயலாக இருக்கலாம், அதனால் அது தவறான முடிவாகிவிடாது. 2025 மே மாதம் டொட்டன்ஹாமுக்கு ஐரோப்பா லீக் கிண்ணத்தை வென்று கொடுத்த அஞ்ச் பொஸ்டகோக்லு, அடுத்த மாதமே நீக்கப்பட்டார். அதே பருவகாலத்தில் அவருடைய அணி பிறீமியர் லீக்கில் 17ஆம் இடத்தில், தரமிறக்கப்படும் எல்லைக்கு ஒரே படி மேலே முடித்திருந்தது. கிண்ணம் என்பது சில இரவுகளின் கணக்கு, லீக் என்பது 38 போட்டிகளின் கணக்கு என்று அக்கழகத்தின் நிருவாகம் கருதியிருக்க வேண்டும்.

இதற்கு நேர்மாறாக நடந்த ஒன்றுதான் என் மனதில் அதிகம் நிற்கிறது. 2024இல் எரிக் டென் ஹாக்கின் மன்செஸ்டர் யுனைட்டெட் லீக்கில் எட்டாமிடத்தில் முடித்தது. ஆனால் மே 25ஆம் திகதி எஃப்.ஏ. கிண்ண இறுதிப்போட்டியில் மன்செஸ்டர் சிட்டியை 2–1 என்று வென்றது. நிருவாகம் வேறு சிலருடன் பேசிப் பார்த்துவிட்டு, கடைசியில் அவரையே வைத்துக்கொண்டு, ஒப்பந்தத்தையும் 2026 வரை நீட்டி, அவருக்காக வீரர்களையும் வாங்கியது. ஒன்பது லீக் போட்டிகள் முடிந்து அணி 14ஆம் இடத்தில் நின்றபோது, ஒக்டோபர் 28ஆம் திகதி அவரை நீக்கியது. அவருக்கும் அவருடைய உதவியாளர்களுக்கும் கொடுக்கப்பட்ட நட்டஈடு ஒரு கோடி பவுணுக்கு மேல். அடுத்து வந்த ரூபன் அமோரிம் மூன்று மத்திய பின்கள வீரர்களை வைத்து ஆடுபவர். கையில் கிடைத்ததோ வேறொருவரின் ஆட்டமுறைக்காகச் சேர்த்த அணி. 42 புள்ளிகளுடன் 15ஆம் இடத்தில் அந்தப் பருவகாலம் முடிந்தது. நம்பிக்கை போய்விட்டதென்றால் மே மாதத்திலேயே கைகுலுக்கி அனுப்பியிருக்க வேண்டும். நம்பிக்கை இருந்ததென்றால் ஒன்பது போட்டிகளில் அது கரைந்திருக்கக் கூடாது. அரைமனதோடு வைத்திருப்பதைப் போல ஒரு கழகத்துக்குக் கேடு வேறில்லை.

கேள்வி (நிலாவெளி வாசகர்): புதியவர் வந்தவுடனேயே அணி வெல்லத் தொடங்குகிறதே, அது எப்படி?

பதில்: பெரும்பாலும் அது வரவிருந்த வெற்றிதான். எந்த அணியும் தன் தரத்துக்குக் கீழே நெடுநாள் தோற்றுக்கொண்டிருக்காது. மிகக் கீழே விழுந்த வேளையில்தான் முகாமையாளரை நீக்குகிறார்கள் என்பதால், மீட்சியின் பெயர் புதியவருக்குப் போய்விடுகிறது. 1986 முதல் 2004 வரையான நெதர்லாந்து முதற்பிரிவுப் போட்டிகளை ஆராய்ந்த பொருளியலாளர் பாஸ் டெர் வீல், அதே அளவு சரிவைச் சந்தித்தும் முகாமையாளரை மாற்றாத கழகங்களோடு ஒப்பிட்டுப் பார்த்து, மாற்றியதனால் தனியான பயன் எதுவும் கிடைக்கவில்லை என்று கண்டார். விதிவிலக்குகள் உண்டு: 2021 ஜனவரியில் செல்சிக்கு வந்த தோமஸ் டுகெல், மே மாதத்தில் சம்பியன்ஸ் லீக்கையே வென்றார்.

கேள்வி (திருகோணமலை நகர வாசகர்): எங்கள் ஊர்க் கழகத்தின் பயிற்றுநர் சம்பளம் வாங்காதவர். அலுவலகம் முடிந்து நேரே மைதானத்துக்கு வருவார். இவ்வருடம் இரண்டு சுற்றுப்போட்டிகளிலும் முதற்சுற்றிலேயே வெளியேறினோம். அவரை நீக்குவதற்குப் பொதுக்கூட்டம் கூட்ட வேண்டும் என்று இளைஞர்கள் கையொப்பம் சேர்க்கிறார்கள். நானும் வைக்கலாமா?

பதில்: இங்கிலாந்துக் கதைகளை இங்கே அப்படியே கொண்டுவர முடியாது. அங்கே முகாமையாளர் போகும்போது பணத்தோடு போவார். இங்கே மனக்கசப்போடு போவார், மறுநாள் அதே வீதியில் உங்களுக்கு எதிரே வருவார். ஆனாலும் பார்க்க வேண்டியது ஒன்றுதான்: தோல்விக்கு அடியில் வேலை நடக்கிறதா?

முதலில், அவருடைய கையில் யார் இருந்தார்கள் என்று எண்ணிப் பாருங்கள். சென்ற வருடம் ஆடியவர்களில் எத்தனை பேர் கட்டாருக்குப் போனார்கள், எத்தனை பேர் பல்கலைக்கழகம் போனார்கள்? விடியவிடியக் கடலில் நின்றுவிட்டு மாலையில் பயிற்சிக்கு வரும் பையன் எழுபதாவது நிமிடத்தில் ஓடாமல் நின்றால் அதற்குப் பயிற்றுநர் பொறுப்பாக முடியாது. மாரி மழை தொடங்கி மைதானத்தில் தண்ணீர் நின்றபின் பயிற்சி நடந்ததா, நடப்பதற்கு வேறு இடம் தேடிக் கொடுத்தது யார் என்பதையும் கேளுங்கள். பெரும்பாலான ஊர்க் கழகங்களில் அது நிருவாகசபையின் வேலை, செய்யாமல் விட்ட பழி மட்டும் பயிற்றுநருக்கு. மறுபக்கத்தில், பயிற்சி என்ற பெயரில் தினமும் இரண்டு அணியாகப் பிரித்து ஆடவிட்டு ஓரத்தில் நிற்கிறார், மூலை உதைக்கு யார் எங்கே நிற்பது என்றுகூடச் சொல்லிக் கொடுக்கவில்லை, தெரிந்தவர் மகன் என்பதற்காக ஒருவரை இறக்குகிறார் என்றால், சம்பளம் வாங்காதவர் என்பது அதற்கு மறுமொழி ஆகாது.

இவற்றைப் பார்த்துவிட்டுக் கையொப்பம் வைப்பதா என்று முடிவு செய்யுங்கள். கூட்டம் நடந்தால் அவரையும் அழைத்து, அவர் முகத்துக்கு நேரே பேச வேண்டும். நீக்குவது என்று முடிவானால், அடுத்த சுற்றுப்போட்டிக்கு வீரர்களைப் பதியும் முன்னரே நீக்குங்கள். அவருக்குப் பதிலாக மாலை நாலரை மணிக்குத் தவறாமல் வரப்போகிறவர் யார் என்பதை அந்தக் கூட்டத்திலேயே கேட்டு, ஒப்புக்கொண்டவரின் பெயரைக் கூட்டக் குறிப்பில் எழுதிக்கொள்ளுங்கள்.