கேம்பிரியன் கடல்: வாசகர் கேள்விகள்

கே: கேம்பிரியன் வெடிப்பில் வெடித்தது எரிமலையா?

ப: எதுவும் வெடிக்கவில்லை. ஏறத்தாழ 54 கோடி ஆண்டுக்கு முன் தொடங்கிய கேம்பிரியன் காலத்தில், கடலில் விலங்கு வகைகள் மளமளவென்று பெருகியதற்கு வைத்த பெயர் அது. அந்த 'மளமள'வுக்கே ஏறத்தாழ 2 கோடி ஆண்டு பிடித்தது.

கே: நான் அனுப்பியிருக்கும் படத்தில் உள்ள சுருள் ஓடு கேம்பிரியன் காலத்ததா?

ப: எங்கே எடுத்தது என்று எழுதவில்லை. பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயம்கூட வைக்கவில்லை. தேங்காய் அளவா, கொட்டைப்பாக்கு அளவா என்று நான் ஜோசியமா பார்ப்பது? வரி வரியாக இருப்பதால் அம்மோனைட் என்று சொல்லலாம்; கணவாய்க்கு உறவான, அழிந்துபோன கடல் உயிரி அது. கேம்பிரியன் கடலில் அந்த இனமே கிடையாது. அரியலூர்ப் பக்கம் கிடைத்தது என்றால் கிரெட்டேசியஸ், அதாவது டைனோசர் காலத்தின் கடைசிப் பகுதி. 40 கோடி ஆண்டு பிந்தியது.

கே: இணையத்தில் மொராக்கோ டிரைலோபைட் (அழிந்துபோன, ஓடுள்ள கடல் கணுக்காலி) புதைபடிவம் ஒன்று வாங்கினேன். '60 கோடி ஆண்டு' என்று சீட்டு ஒட்டியிருக்கிறது. அசல்தானே?

ப: சீட்டு பொய் என்பது நிச்சயம். கிடைத்ததிலேயே பழைய டிரைலோபைட்டுக்கு 52 கோடி வயதுதான். மொராக்கோவில் அல்னிஃப் வட்டாரத்தில் அசல் நிறையவே கிடைக்கிறது, அதற்குப் பக்கத்திலேயே போலியும் தயாராகிறது. படிக்கிற காலத்தில் நானும் ஒன்று வாங்கி, மேசையில் வைத்து வருகிறவர் போகிறவரிடமெல்லாம் காட்டினேன். மூன்று வருஷம் கழித்து லென்ஸில் பார்த்தால் முதுகெல்லாம் காற்றுக் குமிழி! பிசினில் வார்த்த பொம்மை. உங்களுடையதையும் லென்ஸில் பாருங்கள். குமிழி இருந்தால் போலி. பாறையில் ஓடும் விரிசல் உயிரியின் ஓரத்தோடு சட்டென்று நின்றாலும் சந்தேகப்படுங்கள். அடியில் எங்காவது சூடான ஊசியை வையுங்கள். பிளாஸ்டிக் வாடை வந்தால் முடிந்தது. இனி வாங்குவதென்றால் அமெரிக்காவின் யூட்டாவில் கிடைக்கும் எல்ராத்தியா என்ற டிரைலோபைட்டை வாங்குங்கள். சின்னது, மலிவு, ஏராளம். போலி செய்து யாருக்கும் பெரிய லாபமில்லை. எந்த ஊர், எந்தப் பாறை என்ற சீட்டு இல்லாமல் வாங்கவே வாங்காதீர்கள்.

கே: கேம்பிரியன் கடலில் வாழ்ந்த அனோமலோகாரிஸ் இறாலா?

ப: இல்லை. 1892-ல் பெயர் வைத்தபோது கையில் இருந்தது அதன் முன்கை மட்டும். அதைத்தான் இறால் உடம்பு என்று நினைத்தார்கள். இந்தக் குடும்பத்தின் வட்ட வாயை ஜெல்லி மீன் என்றார்கள்! எல்லாம் ஒரே விலங்கின் உறுப்புகள் என்று புதைபடிவ ஆய்வாளர்கள் விட்டிங்டனும் பிரிக்ஸும் 1985-ல் ஒட்டவைத்தார்கள்.

கே: இமயமலையில் கடல் உயிரி எப்படி?

ப: மலை ஏறவில்லை, கடலடிதான் மலையானது. இமாச்சலப் பிரதேசத்தில் ஸ்பிதியின் பராஹியோ பள்ளத்தாக்கில் 50 கோடி ஆண்டு டிரைலோபைட்டுகள் இருக்கின்றன. அங்கே போனால் படம் எடுங்கள். நாணயம் வைத்து.