பின்னங்களில் நீங்கள் பார்த்த விசித்திரமான எண் புதிர் எது?

தெருப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேருக்கு மாலையில் கணக்கு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்த காலம். 16/64-ஐச் சுருக்கச் சொல்லியிருந்தேன். ஒரு பையன் மேலே இருந்த 6-ஐயும் கீழே இருந்த 6-ஐயும் அடித்துவிட்டு, 1/4 என்று எழுதி நோட்டை நீட்டினான். விடை சரி. வழி முழுத் தப்பு. டிக் போடுவதா, பெருக்கல் குறி போடுவதா என்று தெரியாமல் சிவப்புப் பேனாவோடு கொஞ்ச நேரம் முழித்தேன்.

"சரி, 13/34-ஐயும் இப்படியே செய்" என்றேன். 3-ஐ அடித்து மறுபடியும் 1/4 என்றான். "பதிமூன்றை நாலால் பெருக்கினால் எவ்வளவு?" "52, சார்." அப்புறம் அவனே அழித்துவிட்டான்.

ஆனால் எனக்கு விடவில்லை. இந்தக் குறுக்கு வழி வேறு எங்கெல்லாம் பலிக்கும்? மேலே அ, ஆ; கீழே ஆ, இ என்று இலக்கங்களை வைத்துக்கொண்டு சமன்பாடு எழுதினால், ஆ = 9×அ×இ ÷ (10×அ − இ) என்று வருகிறது. 1 முதல் 9 வரை போட்டுப் பார்த்தேன். 11/11, 22/22 போன்ற சப்பையானவற்றைத் தள்ளிவிட்டால், ஈரிலக்க எண்களில் ஒன்றுக்குக் குறைவான பின்னங்கள் நாலே நாலுதான் தேறுகின்றன: 16/64, 19/95, 26/65, 49/98.

இதைவிட வேடிக்கை, நடுவில் எத்தனை ஆறு சேர்த்தாலும் இது நிற்கிறது. 166/664, 1666/6664 எல்லாமே 1/4 தான். காரணம் நாம் மூன்றாம் வகுப்பில் போட்ட பெருக்கலிலேயே இருக்கிறது. 1666-ஐ 4-ஆல் பெருக்குங்கள். ஆறு நான்கு இருபத்து நான்கு, 4 போட்டு மீதி 2. அடுத்த ஆறு நான்கு இருபத்து நான்கும் இரண்டும் 26, 6 போட்டு மறுபடி மீதி 2. எத்தனை ஆறு வந்தாலும் 6 விழும், 2 மிஞ்சும். கடைசியில் ஒரு நான்கு நான்கும் அந்த இரண்டும் சேர்ந்து 6. முடிந்தது. 19/95-இல் 9 போட்டு மீதி 4 என்று இதே கதை ஓடும்.

ஆனாலும் எனக்குப் பிடித்தது இன்னொன்று. (37³ + 13³) / (37³ + 24³). மேலே சிறிதாக இருக்கும் மூன்றுகளை எல்லாம் கூசாமல் அடித்துவிடுங்கள்: (37 + 13) / (37 + 24), அதாவது 50/61. இதுவும் சரியான விடைதான்! உண்மையான மதிப்பு 52850/64477, இரண்டையும் 1057-ஆல் வகுத்தால் 50/61 வந்து நிற்கும்.

இங்கே சூட்சுமம் 13 + 24 = 37 என்பதுதான். அதனால் இந்தப் புதிர் நாலோடு தீர்ந்துபோகாது. ஏதாவது இரண்டு எண்ணை எடுங்கள், அவற்றின் கூட்டுத்தொகையை 37-இன் இடத்தில் வையுங்கள். 2, 3 எடுத்தால் கூட்டுத்தொகை 5; (5³ + 2³) / (5³ + 3³) = 133/152 = 7/8.