உப்புக் காற்று அடிக்கும் வீட்டில் பங்குனிச் சுத்தம்: எதில் தொடங்குவது?

கேள்வி: மண்டபத்துக்குப் பக்கத்தில் கடலை ஒட்டிய ஊர் எங்களுடையது. மழை முடிந்ததிலிருந்து தெற்கு அறைச் சுவர் வெள்ளையாகப் பூத்து, பெயிண்ட் பொரிந்து கொட்டுகிறது. ஜன்னல் கம்பியெல்லாம் துரு. குழாய்களில் வெள்ளைப் படிவு. பீரோவைத் திறந்தால் பூசண வாடை. பங்குனிப் பொங்கலுக்குள் வீட்டை ஒழுங்குபண்ண வேண்டும். தவழும் குழந்தை இருப்பதால் ஆசிட், பினாயில் எதுவும் வேண்டாம் என்று பார்க்கிறேன். வினிகரும் ஆப்ப சோடாவும் கலந்து அடித்தால் எல்லா அழுக்கும் போகும், எலுமிச்சம்பழத்தை உப்பில் தொட்டுத் தேய்த்தால் துரு போகும் என்று வீடியோக்களில் சொல்கிறார்கள். நம் வீட்டுக்கு அது சரிப்படுமா?
– ஒரு வாசகி

பதில்: சகோதரி, நீங்கள் எழுதியிருக்கும் தொல்லைகள் தனித்தனியாகத் தெரிந்தாலும் பெரும்பாலும் ஒரே இடத்திலிருந்து வருகின்றன. அது உப்பு. காற்றில் வருகிறது, ஆழ்குழாய்த் தண்ணீரில் வருகிறது, வீடு கட்டிய மணலிலும் இருந்திருக்கலாம். சாதாரண உப்பு, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினாலே தண்ணீரை இழுத்துக் கரையத் தொடங்கும். கடல் உப்பில் மக்னீசிய உப்புகளும் கலந்திருப்பதால் அதற்கும் முன்னாலேயே ஈரம் பிடிக்கும். அதனால்தான் மழையே இல்லாத நாளிலும் சுவர் நசநசக்கிறது, கழுவித் துடைத்த தரை ஒட்டுகிறது, கம்பியில் துரு ஓயாமல் வேலை செய்கிறது. நம் கரையில் சுத்தம் செய்வது என்றால் முதல் வேலை உப்பை வெளியேற்றுவது. அதற்கு நல்ல தண்ணீரும் வெயிலும்தான் பெரிய மருந்து. மற்ற பொருள்கள் அதற்கு அப்புறம்.

இந்தக் கண்ணோடு பார்த்தால் வீடியோக்காரர்களின் இரண்டு யோசனைகளும் நமக்கு உதவாது. வினிகர் அமிலம், ஆப்ப சோடா காரம். இரண்டையும் கலந்தால் நுரை பொங்கும், அதோடு இரண்டின் வலுவும் போய்விடும். பாட்டிலில் மிஞ்சுவது சோடியம் அசிட்டேட் கரைந்த தண்ணீர். அதுவும் ஒரு உப்புதான். வினிகரைத் தனியாகவும் சோடாவைத் தனியாகவும் பயன்படுத்தினால் இரண்டும் நல்ல பொருள்கள். துருவில் எலுமிச்சையும் உப்பும் தேய்ப்பது இன்னும் மோசம். பழச்சாறு துருவைக் கரைக்கும் என்பது உண்மை. ஆனால் கூடவே தேய்த்த உப்பு கம்பியின் பொடிப் பள்ளங்களில் தங்கி, அடுத்த துருவுக்கு வழி செய்துவிடும். உள்நாட்டு ஊரில் ஒருவேளை இதில் தப்பிக்கலாம். மண்டபத்தில் முடியாது.

நேரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. போகிக்கு வெள்ளையடிப்பது நம் வழக்கம். ஆனால் இங்கே மழையின் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் வாடையோடு வருவதால் தை பிறக்கும்போது சுவருக்குள் ஈரம் இருக்கும். அதன்மேல் பெயிண்ட் அடித்தால் ஈரத்தையும் உப்பையும் உள்ளே வைத்துப் பூட்டியது போலாகும். நீங்கள் மாசி, பங்குனியைத் தேர்ந்தெடுத்தது மிகச் சரி. வாடை ஓய்ந்து, தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று இன்னும் எழாத இடைவெளி அது. மன்னார் வளைகுடாப் பக்கம் பார்த்த ஜன்னல்களுக்குக் கச்சான் தொடங்குமுன் வேலை முடிந்தாக வேண்டும். தேவிபட்டினம், தொண்டி போல பாக் நீரிணைப் பக்கம் இருப்பவர்களுக்கு வாடைதான் உப்பைக் கொண்டுவந்து அப்பும். அவர்கள் மழை முடிந்த கையோடு ஜன்னல்களை ஒருமுறை கழுவிவிட வேண்டும்.

சரி, சுவருக்கு வருவோம். வேலையில் பாதி இங்கேதான்.

முதலில் பூத்திருப்பது எது என்று பாருங்கள். கொஞ்சம் வெள்ளைப் பொடியைச் சுரண்டித் தட்டில் வைத்து இரண்டு சொட்டு நல்ல தண்ணீர் விடுங்கள். கரைந்தால் உப்பு. கரையாமல், வினிகர் விட்டால் பொங்கினால் அது சிமெண்டிலிருந்தோ சுண்ணாம்பிலிருந்தோ வந்த சுண்ணச்சத்து. பார்வைக்கு அசிங்கமே தவிர, அவ்வளவு கெடுதல் இல்லை. அடுத்து, எங்கே பூத்திருக்கிறது என்று பாருங்கள். தரையிலிருந்து மூன்றடிக்குள் பட்டையாக இருந்தால் நிலத்து ஈரம் ஏறுகிறது. சுவர் முழுக்கத் திட்டுத்திட்டாக இருந்தால் பூச்சு மணலிலோ, கட்டும்போது ஊற்றிய தண்ணீரிலோ உப்பு இருந்திருக்கிறது. ஜன்னலைச் சுற்றி மட்டும் என்றால் காற்றில் வந்தது.

எதுவானாலும் ஈரத்துணியால் துடைக்காதீர்கள். துடைத்தால் உப்பு கரைந்து திரும்பவும் உள்ளே போய், காய்ந்ததும் மறுபடி பூக்கும். வெயில் ஏறிய பிறகு, காய்ந்த தேங்காய் நார் பிரஷ்ஷால் மேலிருந்து கீழாகத் தட்டி எடுங்கள். கீழே பழைய துணி விரித்து, விழுந்த பொடியை வீட்டுக்கு வெளியே கொட்டுங்கள். ஒரு வாரம் விட்டுத் திரும்பவும் தட்டுங்கள். பூப்பது குறையும் வரை இதைத்தான் செய்ய வேண்டும், சலிப்பான வேலைதான்.

குறையவே இல்லையென்றால் பழங்காலக் கட்டடங்களைப் பராமரிப்பவர்கள் செய்யும் ஒரு முறை உண்டு. பொரிந்த பெயிண்டைச் சுரண்டிவிட்டு, அச்சிடாத வெள்ளைத் தாளை நல்ல தண்ணீரில் ஊறவைத்துக் கூழாக்கி, விரல் பருமனுக்குச் சுவரில் அப்புங்கள். கூழின் ஈரம் சுவருக்குள் போய் உப்பைக் கரைக்கும். மேலே காயக் காய, உப்பு வெளிப்பக்கம் நகர்ந்து தாளில் வந்து சேரும். நன்றாகக் காய்ந்து தானே விட்டுக்கொண்டு வரும்போது உரித்து எறிந்துவிடுங்கள். இரண்டு மூன்று தடவை செய்ய வேண்டியிருக்கும். மிகவும் கெட்டுப்போன இடத்தில் மட்டும் செய்தால் போதும். ஆழ்குழாய்த் தண்ணீரில் கூழ் கரைத்துவிடாதீர்கள், அப்புறம் எடுக்கும் உப்பும் கொடுக்கும் உப்பும் சரியாகிவிடும்.

அதன்மேல் அடிப்பதற்கு இந்தக் கரையில் சுண்ணாம்பைவிட நல்ல பூச்சு எனக்குத் தெரிந்து இல்லை. பிளாஸ்டிக் போலப் படியும் எமல்ஷன் சுவரை மூச்சு விடவிடாது. உப்பு பின்னாலிருந்து தள்ள, அது கொப்புளித்து உரியும். சுண்ணாம்பு ஈரத்தை வெளியே போக விடும். அதன் காரத்தன்மை கடுமையாக இருப்பதால் பூசணமும் எளிதில் பிடிக்காது. தண்ணீர் விட்டு நன்றாகத் தாளித்த (நீற்றிய) கிளிஞ்சல் சுண்ணாம்பைத் துணியில் வடிகட்டி, பால் பதத்துக்குக் கரைத்து, சுவரை லேசாக நனைத்துக்கொண்டு, மெல்லிசாக இரண்டு மூன்று பூச்சு அடிக்க வேண்டும். ஒவ்வொரு பூச்சுக்கும் நடுவில் ஒரு நாள் விடுங்கள். எமல்ஷன் இருக்கும் இடத்தில் சுண்ணாம்பு பிடிக்காது, சுரண்டித்தான் ஆக வேண்டும். சிலர் ஒட்டுவதற்காகக் கரைசலில் உப்பும் கஞ்சியும் சேர்ப்பார்கள். உப்பு வேண்டாம் என்பதற்கு விளக்கம் தேவையில்லை. கஞ்சி பூசணத்துக்குச் சாப்பாடு. சுண்ணாம்பு கண்ணில் தெறித்தால் பார்வையே பாதிக்கும், அதனால் கண்ணாடி போட்டுக்கொண்டு வேலை செய்யச் சொல்லுங்கள். தெறித்துவிட்டால் உடனே நிறையத் தண்ணீரால் தொடர்ந்து கழுவிக்கொண்டே மருத்துவரிடம் போக வேண்டும். குழந்தையை அந்த அறைப் பக்கம் சில நாள் விடாதீர்கள். பவளக்கல் சுட்ட சுண்ணாம்பு என்று யாராவது கொண்டுவந்தால் வாங்காதீர்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் கடல்வாழ் தேசியப் பூங்கா. பவளத்தை எடுப்பது குற்றம். அந்தத் திட்டுகள்தான் நம் கரைக்கு அலைத்தடுப்பும்கூட.

சுவரிலோ கூரையிலோ கம்பி போகும் நேர்கோட்டில் விரிசலும் பழுப்புக் கறையும் தெரிந்தால், உள்ளே கம்பி துருவேறி உப்பிக்கொண்டிருக்கிறது. அதைப் பூசி மறைக்காமல் ஒரு பொறியாளரிடம் காட்டுங்கள்.

ஜன்னல் கம்பிகளுக்கு முதலில் நல்ல தண்ணீர்க் குளியல். ஒரு குடம் போதும்: துணியை நனைத்துத் துடைத்துப் பிழிந்து, மறுபடி துடைக்க வேண்டும். அந்த உப்பு போகாமல் மேலே எது அடித்தாலும் நிற்காது. அதற்கு அப்புறம் உப்புத்தாளால் (சாண்ட்பேப்பர்) தேய்க்க வேண்டும். இங்கே குழந்தைக்காக ஒரு எச்சரிக்கை சொல்லியே ஆக வேண்டும். வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பி.பி.எம்.முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்கு) மேல் இருக்கக் கூடாது என்ற விதி நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் அடித்த எனாமலில் ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம். அதைக் காய்ந்த நிலையில் தேய்த்தால் தூள் தரையில் படியும். தவழும் பிள்ளை கையை வாயில் வைக்கும். அதனால் தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் வகை உப்புத்தாளை வாங்கி ஈரமாகவே தேயுங்கள். குழந்தையை அன்றைக்குப் பாட்டி வீட்டில் விடுங்கள். முடிந்ததும் தரையை இரண்டு முறை ஈரத்துணியால் துடைத்து, துணியைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். கம்பி வெயிலில் நன்கு காய்ந்த அன்றே ரெட் ஆக்சைடு பிரைமர் அடித்துவிட வேண்டும், ஒரு ராத்திரி விட்டால் மறுபடி துருவேறும். இது இயற்கைப் பொருள் இல்லைதான். ஆனால் கடற்கரையில் இரும்பைக் காக்க அடுக்களையில் ஒரு பொருளும் கிடையாது. தேங்காய் எண்ணெய் அரிவாள்மனைக்கு நல்லது. ஜன்னல் கீலுக்கு அது சரிப்படாது.

குழாய்ப் படிவுக்குத்தான் வினிகருக்கு உண்மையான வேலை இருக்கிறது. துணியை வினிகரில் நனைத்துக் குழாயைச் சுற்றிக் கட்டி, அரை மணி நேரம் விட்டுத் தேய்த்துக் கழுவுங்கள். ராத்திரி முழுக்க விட்டால் குரோமிய முலாம் மங்கும். எலுமிச்சைச் சாறு, புளிக்கரைசல், சிட்ரிக் அமிலத் தூள் எல்லாம் இதே வேலையைச் செய்யும். மீன் வாடைக்கும் இவை நல்லவை. அந்த வாடையைத் தரும் அமீன்கள் காரத்தன்மை உள்ளவை, அமிலம் பட்டால் அடங்கிவிடும். ஆனால் மொசைக் தரையிலும் கடப்பாக்கல் மேடையிலும் இவற்றில் ஒரு சொட்டுகூடச் சிந்தவிடாதீர்கள். இரண்டிலும் இருப்பது சுண்ணாம்புக்கல் இனம். அமிலம் மேற்பரப்பைத் தின்று, மெருகு திரும்பாது.

இன்னொன்றை அழுத்திச் சொல்கிறேன். பிளீச்சிங் பவுடர் போட்ட இடத்தில் வினிகரோ எலுமிச்சையோ பாத்ரூம் ஆசிட்டோ படவே கூடாது. குளோரின் வாயு கிளம்பும். கதவு மூடிய சின்னக் குளியலறையில் அது உயிருக்கே ஆபத்து. வினிகர் இயற்கையானது என்பதால் அந்த வாயு சாதுவாகிவிடாது.

தரைக்குப் பூந்திக்கொட்டையைப் பரிந்துரைக்கிறேன். உப்புத் தண்ணீரில் சோப்பு திரிந்து வெள்ளைப் பிசுக்காகப் படிவதைப் பார்த்திருப்பீர்கள். தண்ணீரிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் செய்யும் வேலை அது. பூந்திக்கொட்டையில் நுரை தரும் சப்போனின் என்ற பொருள் அப்படித் திரியாது. கொட்டை நீக்கிய தோல் ஒரு கைப்பிடி, ஒரு லிட்டர் தண்ணீர், இருபது நிமிடக் கொதி, வடிகட்டல், அவ்வளவுதான். மூன்று நாளுக்கு மேல் வைத்தால் புளித்துவிடும். கண்ணில் பட்டால் எரியும். மீன்களுக்கு சப்போனின் விஷம், அதனால் மீன் வளர்க்கும் தொட்டிப் பக்கம் போகக் கூடாது. தரையை ஆழ்குழாய்த் தண்ணீரில் துடைத்தாலும், கடைசித் துடைப்பு மட்டும் அரை வாளி நல்ல தண்ணீரில் இருக்கட்டும். காவிரித் தண்ணீர் குடிக்கவே பத்தாத தெருக்களில் இதைக் கேட்பது எனக்கும் கஷ்டமாகத்தான் இருக்கிறது. வாடை மழையில் கூரைத் தண்ணீரை ஒரு மூடி போட்ட டிரம்மில் பிடித்து வைத்தால் இந்த வேலைகளுக்கெல்லாம் ஆகும். மூடியில் இடுக்கு இருந்தால் கொசு முட்டையிடும், கவனம். திருஷ்டிக்காகத் துடைக்கும் தண்ணீரில் கல் உப்புப் போடும் பழக்கம் உங்கள் வீட்டில் இருந்தால் விடச் சொல்லவில்லை. அதற்கு அப்புறம் நல்ல தண்ணீரால் ஒருமுறை துடைத்துவிடுங்கள்.

பித்தளைக் குத்துவிளக்குக்குப் புளி மட்டும் போதும். கழுவி, உடனே துடைத்து, வெயிலில் வைத்து, விபூதியால் மெருகேற்றுங்கள். உப்புச் சேர்த்தால் சீக்கிரம் பளிச்சிடும், சீக்கிரம் பச்சையும் பிடிக்கும்.

பீரோவைச் சுவரிலிருந்து நாலு விரல் தள்ளி வையுங்கள், பின்னால் காற்று ஓட வேண்டும். காய்ந்த நாளாகப் பார்த்து முழுவதும் காலி செய்து, உள்பக்கத்தைப் பூந்திக்கொட்டைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, கதவைத் திறந்தே ஒரு பகல் விடுங்கள். பருத்தித் துணி வெயிலிலும் பட்டு நிழலிலும் காயட்டும். ஈரத்தை உறிஞ்சும் என்று கிண்ணத்தில் உப்பு வைக்கச் சொல்வார்கள். இங்கே அது ஒரே வாரத்தில் தண்ணீராகிச் சேலையில் வழியும். வேப்பிலையும் வசம்பும் பூச்சியை விரட்டவே உதவும், ஈரத்தை எடுக்காது. வேப்பிலை சருகாகக் காய்ந்திருக்க வேண்டும், ஜரிகையில் படாமல் துணியில் முடிந்து வைக்க வேண்டும். அந்துருண்டையைக் கைக்குழந்தை இருக்கும் வீட்டில் பயன்படுத்தவே வேண்டாம். ஜி6பிடி (சிவப்பணுக்களைக் காக்கும் ஒரு நொதி) குறைபாடு உள்ள குழந்தைகளுக்கு, அதோடு வைத்த துணியைப் போட்டாலே இரத்தச் சிவப்பணுக்கள் உடையக்கூடும், குறைபாடு இருப்பது பல வீடுகளில் தெரியவே தெரியாது. கற்பூரத்தையும் குழந்தைத் துணிகளோடு வைக்காதீர்கள். அதை விழுங்கினால் வலிப்பு வரும். பிள்ளையின் துணிகளுக்கு வெயிலும் வெறும் பருத்திப் பையும் போதும்.