ஹப் மோட்டாருக்கு எவ்வளவு கிரீஸ்? வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: என் மின்சார சைக்கிள் இரண்டு வருடமாக ஓடுகிறது. மேட்டில் ஏறும்போது பின் சக்கரத்திலிருந்து மாவு மிஷின் மாதிரி இரைச்சல். திறந்து கிரீஸ் போட்டால் சரியாகுமா? வீட்டிலேயே செய்யலாமா? – வாசகர், செந்தூல்

பதில்: முதலில் ஹப் மோட்டாருக்குள், அதாவது சக்கரத்தின் நடுக்கூட்டில் இருக்கும் மோட்டாருக்குள், பற்சக்கரம் இருக்கிறதா என்று பாருங்கள். சக்கரத்தைத் தூக்கிக் கையால் முன்பக்கமாகச் சுற்றுங்கள். தடையில்லாமல் சுற்றி, பின்பக்கமாகச் சுற்றும்போது மட்டும் கர்ரென்று கனத்தால் அது பற்சக்கர மோட்டார். இரண்டு பக்கமும் காந்தம் இழுப்பதுபோல் விட்டுவிட்டுச் சுற்றினால் நேரடி மோட்டார். அதற்குள் கிரீஸ் போட ஒன்றுமே இல்லை, இரைச்சலுக்குக் காரணம் பேரிங் அல்லது மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலர்.

பற்சக்கர மோட்டார் என்றால், செய்யலாம். அரை நாள் ஒதுக்குங்கள். பேட்டரியைக் கழற்றி வேறு அறையில் வைத்துவிடுங்கள். மோட்டார் கேபிளின் இணைப்பை முறுக்காமல், அம்புக்குறி நேராக இருக்கும்படி இழுங்கள். முறுக்கினால் உள்ளே இருக்கும் மெல்லிய ஊசிகள் வளைந்துவிடும். அச்சு நட்டுக்குப் பெரும்பாலும் 18 மி.மீ. ஸ்பேனர் போதும். கழற்றும்போதே வாஷர்கள் எந்த வரிசையில், எந்தப் பக்கம் பார்த்து இருந்தன என்று கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பல் உள்ள வாஷர் தலைகீழாக மாட்டப்பட்டால், பிறகு அச்சே சுழன்று கேபிளை அறுத்துவிடும்.

மோட்டார் மூடியின் ஸ்குரூக்கள் இறுகிப் போயிருந்தால் அளவு பொருந்தாத திருப்புளியால் போராடாதீர்கள். தலை மழுங்கிவிட்டால் அரை நாள் வேலை இரண்டு நாளாகிவிடும். எல்லாம் கழன்றதும் மூடி கீழே பார்க்க, சக்கரத்தை இரண்டு கட்டைகள் மேல் கிடத்தி, மேலே நிற்கும் அச்சு முனையில் மரத்துண்டு வைத்து ரப்பர் சுத்தியலால் தட்டுங்கள். கேபிள் அந்த முனையில்தான் வெளியே வருகிறது என்றால் மரத்துண்டில் அதற்கு ஒரு காடி வெட்டிவிடுங்கள். நாலைந்து தட்டில் மோட்டார் மூடியோடு கீழே இறங்கும். கீழே பழைய துணி விரித்திருங்கள்.

இப்போது மூன்று நைலான் பற்சக்கரங்கள் தெரியும். நடுவில் சின்ன இரும்புப் பல், வெளியே சக்கரக் கூட்டில் வட்டமான பல் வளையம். நைலான் பல் ஒன்றில் முனை கூர்மையாகித் தேய்ந்திருக்கிறதா, அடியில் கீறல் ஓடுகிறதா என்று வெளிச்சத்தில் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பாருங்கள். ஒன்று போயிருந்தாலும் மூன்றையும் சேர்த்தே மாற்றுங்கள். தேய்ந்ததும் புதியதும் கலந்தால் சுமை முழுவதும் புதியதன் மேல் விழும். வாங்கும்போது பல் எண்ணிக்கை, வெளி விட்டம், அகலம், நடு ஓட்டை ஆகிய நான்கையும் எண்ணி, வெர்னியர் அளவுகோலால் அளந்து கொடுங்கள். மோட்டார் பெயரை மட்டும் சொன்னால் கடைக்காரர் எடுத்துத் தருவது பொருந்தாமல் போகலாம்.

கேள்வி: எந்த கிரீஸ்? எவ்வளவு? பட்டறையில் கேட்டால் "நிறையப் போட்டால் நல்லது" என்கிறார்கள். – வாசகி, ஜெலுத்தோங், பினாங்கு

பதில்: நிறையப் போட்டால் நல்லதல்ல. மிஞ்சிய கிரீஸ் சுற்றலில் வெளியே வீசப்பட்டு, பல்லில் நிற்காமல் கூட்டின் சுவரில் ஒட்டிக்கொள்ளும். சூட்டில் இளகி, கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையத்தைத் தாண்டிக் கசியும். டிஸ்க் பிரேக் இருந்தால் தட்டிலும் படியும், பிரேக் பிடிக்காது. 250 வாட் சின்ன மோட்டாருக்கு 10 முதல் 15 கிராம், அதாவது சுமார் மூன்று தேக்கரண்டி போதும். பல்லுக்குப் பல் உள்ள பள்ளத்தில் சின்ன பிரஷ்ஷால் நிரப்பி, கையால் பத்துச் சுற்றுச் சுற்றி, வெளியே பிதுங்கியதைத் துடைத்துவிடுங்கள். தோசைக்கல்லில் எண்ணெய் தேய்க்கிற கணக்குதான்.

வகை: செயற்கை எண்ணெயில் செய்த லித்தியம் கிரீஸ், கனம் 2-ஆம் எண், பிளாஸ்டிக்குக்கு ஆகும் என்று டப்பாவில் எழுதியிருப்பது. செம்புத்தூள் கலந்தது நட்டின் மரைக்கு மட்டும். ஸ்பிரே கேனில் வரும் வெள்ளை கிரீஸ் சீக்கிரம் வழிந்துவிடும். துரு நீக்கும் ஸ்பிரே, அதாவது எல்லார் வீட்டிலும் இருக்கும் நீலமஞ்சள் டப்பா, கிரீஸ் இல்லை. இருக்கிற கிரீஸையும் கழுவிவிடும்.

பழைய கிரீஸை முழுக்கத் துடைத்தெடுத்த பிறகே புதியதைப் போடுங்கள். ஒத்துப்போகாத இரண்டு கிரீஸ் கலந்தால் தண்ணீராகிவிடும். பற்சக்கரத்தைக் கழுவ மண்ணெண்ணெய் போதும், ஆனால் செம்புக் கம்பிச் சுருள் பக்கம் ஒரு சொட்டும் போகக்கூடாது. பெட்ரோல் எதற்குமே வேண்டாம்.

கேள்வி: கிரீஸ் போட்டு மாட்டினேன். இப்போது மோட்டார் வீலென்று கத்துகிறது, சக்கரம் நகரவில்லை! – வாசகர், பிரிக்பீல்ட்ஸ்

பதில்: ஒருவழிக் கிளட்சில் கிரீஸ் போட்டிருப்பீர்கள். மூன்று பற்சக்கரங்களும் பொருந்திய தட்டின் நடுவில் இருப்பது அதுதான். உள்ளே சின்ன உருளைகள் ஒரு திசையில் ஆப்பு மாதிரி இறுகி, மறு திசையில் விடுபட வேண்டும். கெட்டி கிரீஸில் உருளைகள் ஒட்டிக்கொண்டால் இறுகாது. தட்டு அச்சின் மேல் வெறுமனே சுழலும். கழற்றி மண்ணெண்ணெயில் கழுவி, நன்றாக உலர்த்தி, தையல் மிஷின் எண்ணெய் இரண்டு மூன்று சொட்டு விடுங்கள். அப்படியும் வழுக்கினால் கிளட்சை அச்சோடு பூட்டும் சின்னச் சாவித்துண்டு அறுந்திருக்கிறதா என்று பாருங்கள். வழுக்காத கிளட்சைக் கழற்றவே வேண்டாம் என்பது எங்கள் கருத்து.

கேள்வி: பேரிங்கிலும் கிரீஸ் அடைக்க வேண்டுமா? – வாசகர், பட்டர்வொர்த்

பதில்: வேண்டாம். 6001-2ஆர்எஸ் போன்ற எண்ணில் கடைசியில் வரும் ‘2ஆர்எஸ்’ இரண்டு பக்கமும் ரப்பர் மூடி என்பதற்கான குறி; கிரீஸை உள்ளே அடைத்தே மூடியிருப்பார்கள். விரலால் சுற்றும்போது மணல் அரைவதுபோல் உணர்ந்தால் மாற்றிவிடுங்கள். 6001 என்றால் உள் விட்டம் 12, வெளி விட்டம் 28, அகலம் 8 மி.மீ.; பேரிங் கடையில் எண்ணைச் சொன்னாலே போதும்.

கேள்வி: மழை வெள்ளத்தில் ஒருமுறைதான் ஓட்டினேன். திறந்தால் கிரீஸ் காப்பி நிறத்தில் இருக்கிறது. மூடியில் ஓட்டை இல்லையே, தண்ணீர் எப்படிப் புகுந்தது? – வாசகர், ஷா ஆலம்

பதில்: கேபிள் அச்சுக்குள் நுழையும் துளைதான் வழி. ஓடிச் சூடேறிய மோட்டார் தண்ணீரில் திடீரென்று குளிர்ந்தால் உள்ளே காற்று சுருங்கும்; வெளித் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். அந்த கிரீஸ் முழுவதையும் துடைத்தெறிந்து, மின்விசிறியின் முன் ஒரு நாள் உலரவிடுங்கள். மூடும்போது விளிம்பில் மெல்லிய சிலிகான் கோடு ஒன்று போதும். ஆனால் வினிகர் வாடை வரும் சிலிகான் வேண்டாம், அது செம்பை அரிக்கும். ஸ்குரூக்களை எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்குங்கள். அலுமினிய மரை சீக்கிரம் தேய்ந்துவிடும். மோட்டாரை உள்ளே இறக்கும்போது சக்கரத்தை லேசாகத் திருப்பிக்கொண்டே இறக்கினால் பற்கள் தாமே பொருந்தும். அடித்து இறக்கினால் நைலான் நொறுங்கும்.

கேபிள் துளைக்குள் போவதற்கு முன் கீழே தொங்கி மேலேறும்படி வளைத்துக் கட்டுங்கள். மழைநீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். அச்சு நட்டை முடுக்க வேண்டியது சுமார் 40 நியூட்டன் மீட்டர், அதாவது 20 செ.மீ. ஸ்பேனரின் நுனியில் 20 கிலோ எடை தொங்குகிற அழுத்தம். அதற்குப் பிறகே பேட்டரியை மாட்டி, சக்கரத்தைத் தூக்கி வைத்து, குறைந்த வேகத்தில் இரண்டு நிமிடம் ஓட்டிக் கேளுங்கள்.