செயற்கைக்கோளுக்கு மார்க் போடுவது யார்?

கேள்வி: ‘இந்தப் பக்கம் போனால் மீன் கிடைக்கலாம்’ என்று எங்களுக்குத் தகவல் வருகிறது. செயற்கைக்கோள் பார்த்துச் சொல்கிறதாம். 700 கிலோமீட்டருக்கு மேலே இருப்பதற்குத் தண்ணீரில் என்ன இருக்கிறது என்று எப்படித் தெரியும்? அது சொல்வது சரிதானா என்று யாராவது பார்க்கிறார்களா? அப்பா நம்பவே மாட்டேன் என்கிறார்.
– ஒரு வாசகி, நாகப்பட்டினம்

பதில்: அப்பாவின் சந்தேகம் நியாயமானதுதான். செயற்கைக்கோளுக்கு மீன் தெரியாது. தண்ணீரின் நிறமும் சூடும்தான் தெரியும். கண்ணுக்குத் தெரியாத நுண்பாசி பெருகினால் நீலக்கடல் பச்சைக்கு மாறும். பாசியைத் தேடிச் சின்ன மீன் வரும், அதைத் தேடிப் பெரிய மீன் வரும். ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் நிறுவனம் நிறமும் சூடும் சட்டென்று மாறும் விளிம்புகளைப் பார்த்துத்தான் தகவல் அனுப்புகிறது.

இதில் தொல்லை, நடுவில் இருக்கும் காற்று. மேலே போய்ச் சேரும் வெளிச்சத்தில் பத்தில் ஒன்பது பங்கு காற்றும் தூசியும் சிதறடித்தது. கடலுடையது மிச்சம் ஒரு பங்குதான். கருவி ஒரு சதவீதம் பிசகினால் கடல் கணக்கு பத்து சதவீதம் பிசகும். அதனால் ஏவிய பிறகும் கடலிலேயே அளந்து கருவியைத் திருத்துகிறார்கள். ஹவாயில் லனாய் தீவை ஒட்டி 1997 முதல் இதற்கென்றே ‘மோபி’ என்ற மிதவை நிற்கிறது. நமக்கு லட்சத்தீவின் கவரத்தி. ஆற்று வண்டல் எட்டாத தெளிந்த தண்ணீர் அங்கே. மிதவைக் கருவியின் கண்ணில் பாசியும் கொட்டலசும் படியும்; முக்குளித்துத் துடைக்க ஆள் வேண்டும்.

நானும் சில வருடம் இந்த வேலைக்குப் படகில் போயிருக்கிறேன். அப்போது கடலைப் பார்த்த நம் செயற்கைக்கோள் ஓஷன்சாட்-2 தலைக்கு மேல் வந்தது நண்பகல் சுமாருக்கு. எஞ்சினை நிறுத்தி, படகின் நிழல் விழாத பக்கமாகக் கருவியைச் சாய்த்துப் பிடிப்போம். வெள்ளைச் சட்டைக்காரர்களைக் கிட்டே விடமாட்டோம், அந்த வெளுப்பும் கணக்கில் ஏறிவிடும். அப்புறம் ஒரு லிட்டர் தண்ணீரை ஐந்து ரூபாய் நாணயம் அளவுள்ள கண்ணாடி இழைத் தாளில் வடிகட்டுவோம். தாளில் லேசாகப் பச்சை ஏறியிருக்கும். அதைச் சுருட்டித் திரவ நைட்ரஜனில் போட்டுவிட்டு, ஆய்வகத்தில் அசிட்டோனில் ஊறவைத்துப் பச்சையத்தை அளப்பார்கள். அந்த எண்ணோடுதான் செயற்கைக்கோள் சொன்ன எண்ணை ஒப்பிடுவது. காலையெல்லாம் பளிச்சென்று வெயில் அடிக்கும். கோள் கடக்கிற நேரம் பார்த்து ஒரு மேகம் வந்து உட்காரும். அவ்வளவுதான், அன்றைய டீசல் தண்டம். எத்தனை நாள் அப்படி வெறுங்கையோடு கரை திரும்பியிருக்கிறோம் தெரியுமா?

உங்கள் அப்பா ஜெயிக்கும் இடமும் உண்டு. கவரத்தியில் பொருந்தும் கணக்கு வேதாரண்யம் பக்கம் அப்படியே பொருந்தாது. ஆழம் குறைந்த, கலங்கிய கடல் அது. சேற்றையும் பாசியையும் பிரித்துச் சொல்வதற்குள் செயற்கைக்கோள் திணறிவிடும். வண்டலைப் பார்த்துப் பாசி என்று எண்ணைக் கூட்டிச் சொல்லும். கரையோரக் கலங்கலில் அப்பா சொல்வதைக் கேளுங்கள். ஆழத்துக்குப் போகும்போது தகவலையும் ஒரு தடவை பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.