பீஷான் ஆற்றோரம் குடும்பத்தோடு நடக்கலாமா? படுகை எது, கரை எது என்று தெரிந்தால் பயமில்லை

கேள்வி: கும்பகோணத்திலிருந்து என் மாமியார் இரண்டு மாதம் எங்களோடு இருக்க சிங்கப்பூர் வந்திருக்கிறார். வயது 68, முழங்கால் வலி உண்டு. பையனுக்கு ஐந்து வயது, சின்னவளுக்கு ஒன்றரை, தள்ளுவண்டி இல்லாமல் கிளம்ப முடியாது. போன ஞாயிறு பீஷான் - அங் மோ கியோ பூங்காவுக்குப் போனோம். மழை வந்தால் ஆற்றோரத்தை விட்டு விலகச் சொல்லும் பலகையைப் பார்த்ததும் அத்தை "ஆத்தங்கரை விளையாட்டு வேண்டாம்" என்று திரும்பிவிட்டார். அங்கே உண்மையிலேயே ஆபத்தா? எங்களைப் போன்றவர்கள் எப்போது, எந்தப் பக்கம் நடக்கலாம்?

பதில்:

உங்கள் அத்தை பயந்ததில் தப்பே இல்லை. காவிரிக்கரைக்காரர், ஆறு ஏறுவதைப் பார்த்து வளர்ந்தவர். அதனாலேயே அந்த இடத்தை உங்களைவிட அவருக்குச் சீக்கிரம் புரியவைத்துவிடலாம், ஒரு சொல் போதும்: படுகை. ஆற்றுக்கும் கரைக்கும் நடுவில் கிடக்கும் தாழ்ந்த நிலம். தண்ணீர் இல்லாத நாளில் மாடு மேயும், காய்கறி போடுவார்கள், பிள்ளைகள் ஓடுவார்கள். தண்ணீர் வந்தால் அது ஆற்றுக்குச் சொந்தம், நாம் கரைமேல் ஏறிக்கொள்ள வேண்டியதுதான். பீஷானில் ஆற்றின் இரண்டு பக்கமும் சரிவாக இறங்கும் அந்தப் புல்வெளி மொத்தமும் படுகை. மேலே போகும் அகலமான நடைபாதை கரை. இதை அத்தையிடம் சொல்லிப் பாருங்கள், பலகையை நீங்கள் படித்துக் காட்டவே வேண்டியிருக்காது.

அது இயற்கையாக அப்படி அமைந்த இடம் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். காலாங் ஆறு அங்கே பல வருஷம் நேர்கோடாகப் போன ஒரு சிமெண்டுக் கால்வாய், நீளம் 2.7 கிலோமீட்டர், அகலம் 17 முதல் 24 மீட்டர். பொதுப் பயனீட்டுக் கழகமும் தேசியப் பூங்காக் கழகமும் சேர்ந்து அந்தக் கால்வாயை உடைத்து, ஆற்றை வளைந்து நெளிந்து 3.2 கிலோமீட்டருக்கு ஓடவிட்டு, 2012ல் 62 ஹெக்டர் பூங்காவாகத் திறந்தார்கள். வறண்ட நாளில் கணுக்கால் அளவுத் தண்ணீர் கல்லுக்குக் கல் சலசலத்துக்கொண்டு போகும். பெருமழையில் அதே ஆறு கிட்டத்தட்ட 100 மீட்டர் அகலத்துக்கு விரியும். விரிய இடம் இருப்பதால் பழைய கால்வாயைவிட ஏறக்குறைய 40 விழுக்காடு அதிகத் தண்ணீரைத் தாங்குகிறது. ஆக, புல்வெளி மூழ்கினால் ஏதோ கோளாறு என்று நினைக்க வேண்டாம், மூழ்குவதற்காகத்தான் அதை அப்படி அமைத்திருக்கிறார்கள்.

சரி, ஆபத்தா? மேல்பாதையில் இருக்கும்வரை இல்லை. கீழே தண்ணீர் ஓரத்தில் இருப்பவர்கள்தான் கவனிக்க வேண்டும். அங்கேயும் ஆறு செங்குத்துச் சுவருக்குள் ஏறிவரும் பழைய நிலைமை இப்போது இல்லை. சரிவு மெதுவானது, தண்ணீர் ஏற ஏற நாமும் ஏறிப் போகலாம். நீர்மட்டத்தை அளக்கும் உணர்கருவிகள், சைரன், மினுக்கும் விளக்கு, ஒலிபெருக்கி அறிவிப்பு எல்லாம் வைத்திருக்கிறார்கள். ஆனால் என் அனுபவத்தில் சொல்கிறேன், சைரனுக்காகக் காத்திருக்காதீர்கள். ஒன்றரை வயதுக் குழந்தையையும் முழங்கால் வலிக்காரரையும் சேர்த்துக்கொண்டு ஒரு புல்சரிவை ஏறுவதற்கு நீங்கள் நினைப்பதைப்போல இரண்டு பங்கு நேரம் ஆகும், அதுவும் பையன் ஒரு பக்கம் "இன்னும் ஒரே ஒரு தடவை" என்று கல் தாண்டிக்கொண்டிருப்பான்.

நகரத்து ஆறு ஏறுவதற்கும் காவிரி ஏறுவதற்கும் ஒரு வித்தியாசம் இருக்கிறது. மேட்டூரில் தண்ணீர் திறந்தால் கும்பகோணத்துக்கு வந்து சேர நாள் கணக்காகும், ஊருக்கே முன்கூட்டித் தெரியும். இங்கே சுற்றிலும் வீவக (அரசு அடுக்குமாடி வீட்டு) புளோக்குகள், சாலைகள், கார் நிறுத்துமிடங்கள். மண் உறிஞ்சிக்கொள்ள இடமே கொஞ்சம், விழுந்த மழை நேரே வடிகாலுக்கும் அங்கிருந்து ஆற்றுக்கும் நிமிடக் கணக்கில் வந்துவிடும். உங்கள் தலையில் ஒரு துளி விழாமலேயே, ஆற்றின் மேல்பக்கம் கொட்டிய மழை உங்கள் காலடிக்கு வரலாம். அதனால் தலைக்கு நேரே இருக்கும் வானத்தை மட்டும் பார்த்தால் போதாது, ஆறு எந்தப் பக்கமிருந்து வருகிறதோ அந்தப் பக்கத்து வானத்தையும் பாருங்கள். அப்புறம் தண்ணீரைப் பாருங்கள். தெளிவாக இருந்தது தேநீர் நிறத்துக்கு மாறுகிறது, இலையும் சுள்ளியும் கொத்தாக மிதந்து வருகின்றன, கல்லில் மோதும் சத்தம் கனக்கிறது, கொஞ்ச நேரத்துக்கு முன்பு காய்ந்திருந்த கல்லின் தலை நனைந்திருக்கிறது. இதில் ஒன்றைக் கண்டாலும் சாமான்களை அள்ளிக்கொண்டு மேலே வந்துவிட வேண்டும். இடி கேட்டால் கீழே என்ன மேலே என்ன, கூரை உள்ள இடத்துக்குப் போய்விடுங்கள். குடையைப் பிடித்துக்கொண்டு மரத்தடியில் நிற்பதுதான் நம்மவர்கள் வழக்கமாகச் செய்யும் தப்பு.

அந்தக் கற்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஆற்றின் குறுக்கே கால் வைத்துத் தாண்டுவதற்குப் பெரிய கற்கள் போட்டிருக்கிறார்கள். ஐந்து வயதுப் பையனுக்கு அந்தப் பூங்காவே அந்தக் கற்கள்தான், வேறெதுவும் நினைவில் நிற்காது. நல்ல வெயில் நாளில் ஒரு பெரியவர் கையைப் பிடித்துக்கொண்டு தாண்டட்டும், தடுக்க வேண்டாம். ஆனால் கல்லின் பக்கவாட்டில் பாசி இருக்கும், நடுவில் மிதித்தால் ஒன்றுமில்லை, ஓரத்தில் மிதித்தால் வழுக்கும். என் மகளுக்கு ஆறு வயதில் மூன்றாவது கல்லில் செருப்பு கழன்று ஆற்றோடு போனது. அதைப் பிடிக்கிறேன் என்று இறங்கிய நான் தொடைவரை நனைந்து, செருப்பும் கிடைக்காமல், ஒற்றைச் செருப்போடு அவளைத் தூக்கிக்கொண்டு வீடு வந்தேன். பின்வார் உள்ள செருப்போ ஷூவோ போட்டுவிடுங்கள். அத்தையும் வீட்டு ரப்பர் செருப்பில் வர வேண்டாம். தள்ளுவண்டிக்கும் அத்தைக்கும் பாலம் இருக்கிறது. பையன் கல்வழி, மற்றவர்கள் பாலத்து வழி என்று பிரிந்து அக்கரையில் சேர்ந்துகொள்ளலாம், அதுவே அவனுக்கு ஒரு போட்டியாகிவிடும்.

எந்தப் பக்கம் என்று கேட்டீர்கள். பூங்காவை மேரிமவுண்ட் சாலை இரண்டாகப் பிரிக்கிறது. ஆற்றுச் சமவெளி ஒரு பக்கம், குளத்தோட்டங்கள் மறு பக்கம். முதல் தடவை ஆற்றுப் பக்கம் மட்டும் போதும். பீஷான் எம்ஆர்டி ரயில் நிலையத்திலிருந்து நடந்தே வந்துவிடலாம், ஆனால் முழங்கால் வலி இருப்பவரின் தெம்பைச் சாலையோர நடையில் கரைக்காதீர்கள். அங் மோ கியோ அவென்யூ 1 பக்கம் பேருந்திலோ டாக்சியிலோ வந்து இறங்கினால் பூங்கா எதிரிலேயே இருக்கும். மேல்பாதையிலேயே போய், ஒரு பாலத்தைத் தாண்டி, எதிர்க்கரை வழியாகத் திரும்பி வந்தால் குழந்தைகள் வேகத்துக்கு முக்கால் மணி நேரம். முழுப் பூங்காவையும் சுற்றியே தீர வேண்டும் என்று கிளம்பும் குடும்பங்கள் பாதி வழியில் சண்டை போட்டுக்கொண்டு வெளியே வருவதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். பழைய கால்வாயின் சிமெண்டுப் பாளங்களையே அடுக்கி ஒரு சின்னக் குன்று எழுப்பியிருக்கிறார்கள், நேரம் இருந்தால் பையனை அழைத்துப்போய் 'இதுதான் பழைய ஆற்றின் சுவர்' என்று காட்டுங்கள். குளத்தோட்டங்களையும் தாமரைக் குளத்தையும் இன்னொரு நாளுக்கு வைத்துக்கொள்ளலாம். அந்தப் பக்கம் நிழலும் அதிகம், ஆற்றோரம் இறங்காமல் குளங்களைச் சுற்றியே நடக்கலாம். அத்தைக்கு மனசு ஒப்பவில்லை என்றால் அங்கிருந்தே தொடங்குங்கள்.

எப்போது? ஊரிலிருந்து வரும் பெரியவர்கள் ஐந்து மணிக்கே எழுந்து ஆறு மணிக்குக் கிளம்பத் தயாராகிவிடுவார்கள், இங்கே ஏழு மணிவாக்கில்தான் விடியும். ஏழேகாலுக்கு அங்கே இருந்து ஒன்பதுக்குள் திரும்பினால் வெயிலும் இல்லை, மதியத்துக்கு மேல் வரும் இடிமழையும் இல்லை. ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும், 'சுமத்ரா' என்று நாம் சொல்லும் காற்றுமழை விடியற்காலையிலேயே அடித்துக்கொண்டு வரும், மேற்கே கறுத்திருந்தால் அன்றைக்கு வீட்டில் இட்லியோடு உட்கார்ந்துவிடலாம். தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் செயலியில் மழை மேகம் நகர்வதைப் படமாகவே பார்க்கலாம், கிளம்புமுன் ஒரு தடவை, ஆற்றோரம் இறங்குமுன் ஒரு தடவை பாருங்கள். கொசு மருந்தை வீட்டிலேயே பூசிவிடுங்கள், டெங்கிக் கொசு பகலில்தான் கடிக்கும்.

இனி அத்தைக்குப் பிடிக்கப் போகும் பகுதி. அவர் அங்கே பார்க்கப் போவதில் பாதி அவருக்கு ஏற்கனவே தெரிந்தவை. புல்லுக்குள் வாலை ஆட்டிக்கொண்டு ஓடும் வெள்ளை மார்புக் கம்புள் கோழி, கிளையில் உட்கார்ந்து தண்ணீரையே பார்க்கும் மீன்கொத்தி, ஓரத்தில் ஒற்றைக் காலில் நிற்கும் கொக்கு. பெயர் சொல்லும் வேலையை அவரிடம் விட்டுவிடுங்கள், பேரனுக்கு உங்களைவிட நன்றாகச் சொல்லித் தருவார். ஆளுயரத்துக்குப் பக்கத்தில் வளரும் நீர் உடும்பு பாதையைக் கடந்தால் அலற வேண்டாம். நின்றுவிடுங்கள், அது தன் வழியில் போய்விடும்.

நீர்நாய் இருக்குமா என்று எல்லாரும் கேட்பார்கள். சிங்கப்பூரில் 1970களில் காணாமல் போயிருந்த நீர்நாய்கள் 1998ல் சுங்கை பூலோ சதுப்புநிலப் பக்கம் மறுபடி தலைகாட்டின. அப்புறம் இந்தப் பூங்காவில் ஒரு ஜோடி குட்டி போட்டு, 'பீஷான் குடும்பம்' என்று பெயர் வாங்கி, ஆற்றோடு சிங்கப்பூரின் மரினா பே வரைக்கும் போனது. காவிரியிலும் இதே இனம் உண்டு. ஆனால் போனால் கட்டாயம் பார்க்கலாம் என்று பையனிடம் வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். எனக்கே பத்து தடவை போனால் இரண்டு மூன்று தடவைதான் கண்ணில் படுகின்றன. கண்டால் ஐந்து மீட்டராவது தள்ளி நில்லுங்கள், குட்டிகள் கூட இருந்தால் இன்னும் தள்ளி. படம் எடுக்கக் குழந்தையைப் பக்கத்தில் நிறுத்தும் வேலையே வேண்டாம். 2021ல் தாவரவியல் பூங்காவில் ஒருவரைக் கூட்டமாகக் கடித்திருக்கின்றன.

அத்தையிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. ஊரில் கோயில் குளத்து மீனுக்குப் பொரி போடுவதுபோல இங்கே எந்த விலங்குக்கும் பறவைக்கும் எதுவும் போடக் கூடாது. காட்டுயிர்களுக்கு உணவளிப்பது குற்றம், முதல் தடவைக்கே 5,000 சிங்கப்பூர் வெள்ளி வரை அபராதம்.

இரண்டாவது வாரத்துக்கு இதே ஆற்றின் தொடக்கத்தைப் பார்க்கலாம். காலாங் ஆறு புறப்படும் லோவர் பியர்ஸ் நீர்த்தேக்கத்தில், தண்ணீர் ஓரமாகக் காட்டுக்குள் போகும் பலகைப் பாதை ஒரு கிலோமீட்டருக்கும் கொஞ்சம் குறைவு. நிழல் உண்டு, ஏற்றம் அதிகமில்லை. ஆனால் அது குரங்குகளின் வீடு. தள்ளுவண்டியின் பின்னால் தொங்கும் பிளாஸ்டிக் பைதான் அவற்றுக்கு முதல் குறி. வண்டியை வீட்டில் விட்டு, சின்னவளை முன்னால் கட்டிக்கொண்டு, தின்பண்டம் எதுவும் வெளியே தெரியாமல் முதுகுப்பையில் வைத்து நடங்கள். பல்லைக் காட்டினால் பதிலுக்கு முறைக்காமல் மெதுவாக நகருங்கள். சுங்கை பூலோவும் அழகுதான், செப்டம்பரிலிருந்து மார்ச்வரை வலசைப் பறவைகள் கூட்டமாக வரும், ஆனால் அது கழிமுகம், வெயில் கொளுத்தும், சேற்றில் முதலையும் உண்டு. பையனோடு தனியாகப் போக நல்ல இடம், அத்தையோடு மூன்றாவதாக வைத்துக்கொள்ளுங்கள்.

பீஷானுக்கு முதலில் போகும் நாளை, முடிந்தால், பெரிய மழை பெய்து ஓய்ந்த மறுநாள் காலையாகப் பாருங்கள். சரிவில் ஓரிடத்தில் புல் ஒரே பக்கமாகப் படுத்திருக்கும், அதன் மேல்விளிம்பில் சருகும் சுள்ளியும் ஒரு பிளாஸ்டிக் மூடியும் கோடு போட்டதுபோல் ஒதுங்கிக் கிடக்கும். முந்தின நாள் தண்ணீர் அதுவரை வந்திருக்கிறது. அந்தக் கோட்டைக் கண்டுபிடிக்கும் வேலையைப் பையனிடம் கொடுங்கள், சரிபார்க்கும் வேலையை அத்தையிடம். பாயை அதற்கு மேலே விரித்துக்கொள்ளுங்கள்.